மின்னணு பி.எல். செல்லுமா? சிங்கப்பூர் சட்டம் சொல்வது

கப்பல் சரக்குக்குப் போடும் பில் ஆஃப் லேடிங், அதாவது பி.எல்., வெறும் ரசீது அல்ல. அசல் பி.எல். கொண்டுவருபவருக்குத்தான் கப்பல் கம்பெனி சரக்கை விடும். சென்னையில் ஏற்றிய கன்டெய்னர் சில நாட்களிலேயே சிங்கப்பூரில் இறங்கிவிடும். எல்.சி. (வாங்குபவரின் வங்கி பணம் தருவதாகக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) வழியாகப் போகும் காகிதமோ இரண்டு வங்கிகளில் நின்று, கூரியரில் ஏறி, மெதுவாக வரும். அதுவரை துறைமுகத்தில் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், ஏறும். அவசரமென்றால் வங்கி உத்தரவாதம் கொடுத்துச் சரக்கை எடுக்க வேண்டும், அதற்கும் செலவுதான்.

பி.டி.எஃப். அனுப்பினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாமே! ஒரே சரக்கைக் காட்டி இரண்டு வங்கியில் கடன் வாங்க அதுவே வழியாகிவிடும்.

இதற்காகத்தான் சிங்கப்பூர் தன் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தைத் திருத்தியது. 2021 மார்ச் 19 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணையத்தின் 2017 மாதிரிச் சட்டத்தைத் தழுவியது. பி.எல். மட்டுமல்ல, புரோநோட்டும் இதில் அடங்கும். எது அசல் என்று காட்ட வேண்டும், அது ஒருவர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், உள்ளடக்கம் மாறக் கூடாது. இவற்றை நம்பகமான முறையில் உறுதிசெய்தால் காகிதத்துக்கு உள்ள மதிப்பு மின்னணு ஆவணத்துக்கும் உண்டு. பிளாக்செயின்தான் (பல கணினிகளில் ஒரே சமயம் இருக்கும், எளிதில் மாற்ற முடியாத பதிவேடு) வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. மென்பொருள் விற்க வருபவர் வேறு மாதிரி சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் சிங்கப்பூர் அரசின் தகவல்தொடர்பு, ஊடக ஆணையமான ஐ.எம்.டி.ஏ. உருவாக்கிய ‘டிரேட்டிரஸ்ட்’ முறை பிளாக்செயினில்தான் ஓடுகிறது. ஆவணம் அதில் ஏறுவதில்லை. அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடும், அது யாருடையது என்று காட்டும் ஒரு டோக்கனும் (மின்னணு வில்லை) மட்டுமே பதிவாகும். டோக்கனுக்கு உரிமையாளர் ஒருவர், கையில் வைத்திருப்பவர் ஒருவர் என இரண்டு பொறுப்புகள். ஏற்றுமதியாளர் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு வங்கியிடம் ‘கையில் வைத்திருப்பதை’ மட்டும் ஒப்படைக்கலாம். அதன்பின் உரிமை கைமாற இருவர் சம்மதமும் வேண்டும். கடைசியில் பி.எல்.லைக் கப்பல் கம்பெனியிடம் சரண்டர் செய்ததும் டோக்கன் செல்லாததாகிவிடும். பெட்டிக்குள் பருத்தி நூலா வெறும் கழிவா என்பதை மட்டும் எந்தப் பிளாக்செயினும் சொல்லாது.

கப்பல் கம்பெனியான மெர்ஸ்க், கணினிக் கம்பெனியான ஐ.பி.எம். இரண்டும் 2018இல் தொடங்கிய, கப்பல் சரக்குத் தகவலைப் பகிரும் ‘டிரேட்லென்ஸ்’ தளம் 2023இல் மூடப்பட்டது. போட்டிக் கம்பெனி நடத்தும் தளத்தில் தன் தரவைக் கொட்ட யாருக்குத்தான் மனம் வரும்? டிரேட்டிரஸ்ட் அப்படி ஒரு தளம் அல்ல, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய பொது முறை.

மின்னணு ஆவணத்தை ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, சம்மதம் வேண்டும். காகிதத்தை மின்னணுவாக மாற்றினால், மாற்றிய விவரம் ஆவணத்திலேயே இருக்க வேண்டும். பழைய காகிதம் அதோடு செல்லாது. மறுமுனை நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். பிரிட்டனில் 2023 செப்டம்பர் 20 முதல் இதே மாதிரி சட்டம் உண்டு, எல்லா நாடுகளிலும் இல்லை. எல்.சி. போடுவதாக இருந்தால், மின்னணு பி.எல். ஏற்கப்படும் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். சரக்கு ஏறிய பிறகு கேட்டால் வங்கி காகிதத்தைத்தான் கேட்கும்.