ஹை சி.பி.சி. பட்டியலை நம்பி தளம் தொடங்காதீர்கள்

காட்பாடியில் பன்னிரண்டு வருடமாக இணையதளம் செய்து கொடுக்கிறேன். தளத்தில் விளம்பரம் காட்டினால் கூகுள் பணம் தரும் ஆட்சென்ஸ் வருமானத்துக்காகத் தளம் தொடங்கி, மாட்டிக்கொண்டு வருபவர்கள் இப்போது அதிகம். போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். "அண்ணா, எல்லாமே ஹை சி.பி.சி. வார்த்தைதான் எடுத்தேன். அஞ்சு டாலர்கூட ஏறல" என்றார். சி.பி.சி. என்றால் ஒரு கிளிக்குக்கு விளம்பரதாரர் கொடுக்கும் தொகை.

கையில் ஒரு பட்டியல், ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே ஒரு தொகை. பர்சனல் லோன், இன்சூரன்ஸ், அமெரிக்காவில் விபத்து வழக்கு நடத்தும் வக்கீல். ஏதோ ஓர் ஆன்லைன் வகுப்பில் பணம் கட்டி வாங்கியது. அந்தச் சொற்களை வைத்து ஏ.ஐ.யில் நூற்றுக்கும் மேல் கட்டுரை போட்டிருந்தார். கூகுள் தேடலில் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோலை இருவரும் திறந்து பார்த்தோம். பாதிக் கட்டுரைகள் இன்டெக்ஸே ஆகவில்லை, அதாவது கூகுள் தேடலில் சேரவே இல்லை. மூன்று மாதத்தில் தேடலிலிருந்து வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உட்கார்ந்து செய்த வேலை அது. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது.

பட்டியலில் இருக்கும் தொகை பொய் இல்லை. விளம்பரதாரர்களுக்காகக் கூகுள் தரும் கீவேர்ட் பிளானரில் அப்படித்தான் காட்டும். ஆனால் அது கூகுள் தேடல் பக்கத்தின் உச்சியில் இடம் பிடிக்க விளம்பரதாரர்கள் கேட்கும் ஏலத்தொகை. நம் கட்டுரைக்கு நடுவில் ஓடும் விளம்பரத்துக்கு அந்த விலை கிடைக்காது. கிடைப்பதிலும், விளம்பரதாரர்கள் கூகுளிடம் விளம்பரம் கொடுக்கும் கூகுள் ஆட்ஸ் வழியாக வந்தது என்றால் கழிவெல்லாம் போக சுமார் 68 சதவீதம்தான் நம் கைக்கு வரும். அப்புறம், 2024 முதல் ஆட்சென்ஸ் கிளிக்குக்குப் பணம் தருவதை விட்டு, விளம்பரம் காட்டப்பட்ட கணக்குக்கு மாறிவிட்டது. ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது ஆர்.பி.எம்., அதாவது ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு வருகிறது என்பதை. படிப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார், எதையாவது வாங்கும் யோசனையில் வந்தாரா என்பதெல்லாம் இதைத்தான் ஏற்றி இறக்கும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அந்தக் கோட்டைத் தொடாமலே தளத்தை மூடியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

கடன், மருத்துவம் இரண்டிலும் இன்னொரு சிக்கல். தவறான தகவல் ஒருவருடைய பணத்தையோ உயிரையோ பாதிக்கும் என்பதால், எழுதியவருக்கு அதில் அனுபவம் உண்டா, நம்பலாமா என்று கூகுள் கூடுதலாகவே பார்க்கிறது. தேடலில் ஏறுவதற்காகவே மொத்தமாகக் கட்டுரை கொட்டுவதை 2024 மார்ச்சில் ஸ்பேம் விதிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

சரி, எதை எடுப்பது? நம் வேலூரையே பாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டில் நடந்தால் வங்காளத்திலும் இந்தியிலும் கடைப் பலகைகள். சிகிச்சைக்காக வாரக்கணக்கில் தங்குபவர்களுக்கு, சமைத்துக்கொள்ள வசதியுள்ள அறை எங்கே கிடைக்கும், காட்பாடி ஸ்டேஷனிலிருந்து எப்படி வருவது என்று நூறு கேள்வி. லாட்ஜ், பயண விளம்பரங்களுக்கு ஏற்ற வாசகர்கள் இவர்கள். அந்தத் தெருவில் அறை தேடி அலைந்தவர், வங்காளமோ இந்தியோ எழுதத் தெரிந்தவர் என்றால் தாராளமாக எழுதலாம். நோய்க்கு மருந்து மட்டும் எழுத வேண்டாம், அதை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பார்த்தவருக்கு, மழையில் நனைந்த தோல் ஷூவை வெயிலில் வைக்கக் கூடாது, செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும் என்பது சாதாரண விஷயம். அதையே ஆங்கிலத்தில் படமெடுத்துப் போட்டால் வெளிநாட்டிலும் படிப்பார்கள். ஷூ, பை விற்பவர்களின் விளம்பரமும் வரும்.

தமிழிலும் ஆட்சென்ஸ் 2018 முதல் உண்டு. ஆங்கிலத்தைவிட ஆர்.பி.எம். குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் போட்டியும் குறைவு.

அந்தத் தம்பியிடம் நோட்டும் பேனாவும் கொடுத்தேன். "போனைத் தொடாம, லோனைப் பத்தி முப்பது தலைப்பு எழுதுங்க." நாலு எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். மோட்டார் காயில் கட்டும் கடை. பள்ளி விடுமுறையெல்லாம் இவருக்கு அங்கேதான். "அதைப் பத்தி எழுதுங்க" என்றேன். டீ வந்து ஆறிப்போனதுகூடத் தெரியாமல் எழுதினார். கெப்பாசிட்டர் போனால் எப்படிச் சத்தம் வரும், ஓல்டேஜ் குறைந்தால் காயில் ஏன் கருகுகிறது, செம்புக் காயிலா அலுமினியமா என்று கடையில் எப்படிக் கேட்பது... இருபத்திரண்டு தலைப்பு. பம்ப், சோலார், ஸ்டெபிலைசர் விற்பவர்கள் அத்தனை பேருக்கும் இந்த வாசகர் வேண்டும்.

முதல் தலைப்பு, "மோட்டார் ஓடுது, தண்ணி வரல". குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வில் கசிவு இருந்தால் உறிஞ்சும் குழாயில் நிற்கும் தண்ணீர் இறங்கி, காற்று புகுந்துவிடும் என்று எனக்கே விளக்கினார். வால்வைக் கழற்றிப் படமெடுக்க அன்று மாலையே அப்பா கடைக்குப் போய்விட்டார்.