சிப் முதலில், ஊசி அப்புறம்: நாய், பூனை வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதிகள்

நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்குச் சட்டம் விதிக்கும் கடமைகள் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பெரும்பாலான இடங்களில் அவை இரண்டைச் சுற்றியே இருக்கின்றன: ரேபிஸ் தடுப்பூசி, அடையாளப் பதிவு. இரண்டையும் செய்து முடித்த பிறகும் சிலருக்கு ஊசிச் சான்றிதழ் செல்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் வரிசை மாறியிருக்கும், அல்லது தேதி தப்பியிருக்கும். பிராணியின் மீது பிரியம் இருந்தும் இப்படி நடப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரேபிஸ் விஷயத்தில் அரசுகள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் வரை நாய்கள் மூலமாக வருவது. அறிகுறி தெரிந்துவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்ற கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் இயங்குகிறது. ஜப்பான் இதைச் செய்து காட்டிய நாடு. அங்கே 1950-இல் ரேபிஸ் தடுப்புச் சட்டம் வந்தது. நாய்களைப் பதிவு செய்வதும் ஊசி போடுவதும் கட்டாயமாயின. 1957-க்குப் பிறகு உள்நாட்டில் எந்தப் பிராணிக்கும் ரேபிஸ் வந்ததாகப் பதிவு இல்லை. அப்படியும் ஆண்டு ஊசி விதியை அவர்கள் இன்றுவரை கைவிடவில்லை.

பூனை வீட்டை விட்டு வெளியே போகாதே, அதற்கு எதற்கு ஊசி என்று பலர் கேட்கிறார்கள். ரேபிஸ் கிருமி உள்ள வௌவால் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டால், அதைத் துரத்திப் பிடிப்பது அந்தப் பூனைதான். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பூனைக்கும் ரேபிஸ் ஊசி சட்டப்படி கட்டாயம்.

சரி, தேதிக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பயண விதிப்படி, குட்டிக்கு 12 வாரம் நிறைந்த பிறகு போட்ட ஊசிதான் கணக்கில் சேரும். முதல் ஊசி முடிந்து 21 நாள் ஆன பிறகே அது செல்லுபடியாகும், ஏனென்றால் உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு காலம் வேண்டும். அடுத்த ஊசியை முந்தையது காலாவதியாவதற்குள் போட்டுவிட்டால் இந்தக் காத்திருப்பு கிடையாது. ஒரு நாள் தாமதமானாலும் அது மறுபடி முதல் ஊசியாகவே கொள்ளப்படும், 21 நாளும் புதிதாகத் தொடங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். சில மருந்துகள் மூன்று ஆண்டு பாதுகாப்பு தருபவை என்றாலும், ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும் என்று உள்ளூர்ச் சட்டம் சொன்னால் அதுதான் செல்லும்.

அடுத்தது அடையாளத்துக்கான மைக்ரோசிப். அரிசி மணி அளவுள்ள இதைத் தோள்களுக்கு நடுவே தோலுக்கு அடியில் ஊசி மூலம் செலுத்துவார்கள். பேட்டரி கிடையாது. பிராணி எங்கே இருக்கிறது என்று இது காட்டும் என நினைப்பது தவறு. ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பது பதிவுத் தளத்தில் இருக்கிறது. வீடு மாறியபோதோ போன் நம்பர் மாறியபோதோ அங்கே திருத்தவில்லை என்றால், காணாமல் போன பூனையை யாரோ நல்ல மனதோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்தாலும் தகவல் உங்களுக்கு வந்து சேராது. இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016 ஏப்ரலிலிருந்தும் பூனைகளுக்கு 2024 ஜூன் 10-இலிருந்தும் சிப் கட்டாயம். விவரங்களை அவ்வப்போது திருத்தி வைப்பதும் அந்தச் சட்டப்படி உரிமையாளரின் கடமையே.

தலைப்பில் சொன்ன வரிசைக்குக் காரணம் இதுதான்: ஐரோப்பிய விதிப்படி, சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ரேபிஸ் ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டது இந்த நாய்க்குத்தானா என்பதற்கு அப்போது அடையாளம் இல்லையே. ஒரே நாளில் இரண்டையும் செய்யலாம், சிப் முதலில் என்றால் போதும். பல நாடுகள் ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தர அமைப்பின் 11784, 11785 தரத்தில் உள்ள சிப்பைத்தான் கேட்கின்றன என்பதால், வைக்கும்போதே டாக்டரிடம் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்க வேண்டும். ரேபிஸ் அபாயம் அதிகம் என்று கருதப்படும் நாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போவதானால், ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ரேபிஸை எதிர்க்க ரத்தத்தில் உருவான எதிர்ப்புப் பொருளின் அளவு பார்ப்பார்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆறுதலான விஷயம், ஊசிகளை இடைவெளி விடாமல் போட்டு வந்தால் இந்தச் சோதனை முடிவு ஆயுள் முழுக்கச் செல்லும். ஜப்பானுக்கு அந்தக் காத்திருப்பு 180 நாள். அமெரிக்காவுக்குப் போகும் நாய்க்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் குறைந்தது ஆறு மாத வயதும் சிப்பும் வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, பின்லாந்து போன்ற நாடுகள் நாய்க்கு நாடாப்புழு மருந்தும் கேட்கின்றன. போய்ச் சேருவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அதைக் கொடுத்து, டாக்டர் நேரத்தோடு குறித்திருக்க வேண்டும்.

பயணமே போகாதவர்களுக்கும் ஊசி அட்டை உதவும் இடம் ஒன்று உண்டு. உங்கள் நாய் யாரையாவது கடித்துவிட்டால் பல நாடுகளில் அதை 10 நாள் கண்காணிப்பில் வைப்பார்கள். கடித்தபோது உமிழ்நீரில் கிருமி இருந்திருந்தால் அதற்குள் நோய் வெளிப்பட்டுவிடும் என்பதே அந்தப் பத்து நாளின் கணக்கு. ஊசி தேதி தவறாமல் பதிவாகியிருந்தால் அந்த நாட்களை நாய் உங்கள் வீட்டிலேயே கழிக்கவும் அனுமதி கிடைக்கலாம். கடிபட்டவர் உடனே காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும்கூட.

ஆண்டு ஊசிக்குப் போகும் அதே நாளில் சிப்பையும் ஒரு முறை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். சில நேரம் சிப் தோலுக்கு அடியில் நகர்ந்து கால் பக்கம் போயிருக்கும். திரையில் வரும் எண்ணை அட்டையில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பதிவுத் தளத்தில் உங்கள் போன் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த ஊசிக்கான நினைவூட்டலைக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்னால் வையுங்கள்.