பத்து பீஸுக்கும் ஐநூறு பீஸுக்கும் ஒரே ரேட்டா?

ஆர்டர் எத்தனை பீஸ் என்று பார்க்காமல் ஒரே ரேட்டைச் சொல்லிவிட்டு, கையைக் கடிக்கிறதே என்று பிறகு புலம்புவது சென்னையில் வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துச் சிறு லேத் பட்டறைகளில் சகஜம். கோளாறு பெரும்பாலும் செட்டிங் நேரத்தில்தான், அதாவது ஓட்டத் தொடங்குமுன் மெஷினைத் தயார் செய்யும் நேரத்தில்.

ஒரு எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) புஷ், அதாவது நடுவில் துளையுள்ள சிறு உருளை, கடைய 2 நிமிடம் என்று வையுங்கள். பீஸைப் பிடிக்கும் சக்கில் ஜா (பிடிப்புக் கட்டை) மாற்றி, டூல் கட்டி, முதல் பீஸில் அளவு பிடிக்க 60 நிமிடம். 10 பீஸ் என்றால் மொத்தம் 80 நிமிடம், பீஸுக்கு 8. 500 பீஸ் என்றால் பீஸுக்கு 2.12 நிமிடம்தான். சின்ன ஆர்டருக்கு ரேட் ஏன் கூடுதல் என்று கஸ்டமரிடம் இந்தக் கணக்கையே எழுதிக் காட்டலாம்.

அதற்காக 50 கேட்டவருக்கு 500 ஓட்டி அடுக்கி வைப்பதும் தப்பு. உள்துளை கடையும் டிப் (டூலின் வெட்டும் முனை) தேயத் தேய, துளை சிறுத்துக்கொண்டே வரும். முதல் பீஸை மட்டும் பார்த்துவிட்டு ஓட்டினால், கடைசியில் எத்தனை ரிஜெக்ட் என்று பிரித்தெடுப்பதே தனி வேலை. 25 பீஸுக்கு ஒருமுறை பிளக் கேஜ் (துளை அளவு சரிபார்க்கும் கருவி) போட்டுப் பாருங்கள். போதாததற்குக் கடற்காற்று வேறு: எண்ணெய் தடவாத புஷ் மழைக்காலத்தில் சீக்கிரமே துரு ஏறிவிடும்.

மாதாமாதம் அதே பீஸ் வந்தால் லைன் போடலாம்: ஒவ்வொரு இடத்தில் ஒரு வேலை, பீஸ் வரிசையாகக் கைமாறும். ஷிப்டில் சாப்பாடு, டீ போக 420 நிமிடம்; 210 பீஸ் வேண்டுமென்றால் ஒவ்வொரு இடத்திலும் 2 நிமிடத்துக்குள் வேலை முடிய வேண்டும். டிரில்லிங்கில் மட்டும் 3 நிமிடம் ஆனால், மற்றவர்களை எவ்வளவு விரட்டினாலும் 140-க்கு மேல் வராது. டிரில்லுக்கு முன்னால் குவியல்தான் ஏறும். அங்கே இன்னொரு டிரில் போடுங்கள், அல்லது அந்த வேலையை இரண்டாகப் பிரியுங்கள்.

மணலி சுத்திகரிப்பு ஆலை மாதிரி இரவுபகல் நிற்காமல் ஓடும் முறை நம் பட்டறைக்குப் பொருந்தாது. அங்கே நிறுத்தித் திரும்ப ஓட்டுவதே பெரும் செலவு.

நம்மால் ஆவது செட்டிங்கைக் குறைப்பது. முந்தைய வேலை ஓடும்போதே அடுத்ததற்கான டூல், ஜா, கேஜ், டிராயிங்கை ஒரு டிரேயில் எடுத்து வையுங்கள். ஸ்பானர் தேடி அலைவதே பாதி நேரத்தைத் தின்னும். செட்டிங் 60 நிமிடத்திலிருந்து 20 ஆகிவிட்டால், முன்பு 150 பீஸ் ஓட்டினால்தான் கிடைக்கும் பீஸுக்கு 2.4 நிமிடக் கணக்கு 50 பீஸிலேயே கிடைத்துவிடும்.