அத்திரம்பாக்கம்: கற்கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்

திருவள்ளூர் மாவட்டத்துக் கொசஸ்தலை ஆற்றுச் சமவெளியில் கள ஆய்வு செய்யும் எங்களிடம், நிலத்தில் கிடைத்த கைக்கோடரியை, அதாவது கையில் பிடித்து வெட்டுவதற்காகச் செதுக்கப்பட்ட கற்கருவியைக் கொண்டுவந்து காட்டுபவர்கள் முதலில் கேட்பது அதன் வயதைத்தான். கருவியின் வடிவத்தைப் பார்த்து அது எந்தக் கற்கால மரபைச் சேர்ந்தது என்று கூறிவிடலாம்; ஆண்டுக் கணக்கைச் சொல்வதற்கோ அது புதைந்து கிடந்த மண்ணடுக்கு கலையாமல் இருந்திருக்க வேண்டும்.

நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டில் பல்லாவரத்திலும், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் இச்சமவெளியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். எனினும், அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்கு உறுதியான காலக்கணிப்பு கிடைக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கு நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. கைக்கோடரிகள் கிடைத்த ஆழமான களிமண் அடுக்குகளில், அவை படிந்த காலத்திலேயே பதிந்திருந்த காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்தது. புவியின் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு என்பதால், அவை அதற்கும் முற்பட்டவை என்பது தெளிவாயிற்று. அடுத்து, கருவிகளின் குவார்ட்ஸ் கனிமத்தில் இருந்த அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய கதிரியக்க அணு வகைகள் (ஐசோடோப்புகள்) அளக்கப்பட்டன. கல் வெளியில் கிடக்கும்போது விண்கதிர்களால் உருவாகும் இவை, புதைந்தபின் வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. எஞ்சியிருக்கும் விகிதமே புதைந்த காலத்தைக் காட்டுகிறது. அவ்வாறு கிடைத்த சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

மேலடுக்குகளின் கதையும் குறைந்ததன்று. மணல்துகள்கள் கடைசியாக வெயில் பட்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையின்படி, பெரிய கைக்கோடரிகள் அருகிச் சிறு செதில் கருவிகள் மிகும் இடைப் பழைய கற்கால மாற்றம் அங்கு ஏறக்குறைய 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. மனித எலும்பு எதுவும் அங்கு கிடைக்காததால், அக்கருவிகளைச் செய்தவர்கள் எந்த மனித இனத்தவர் என்பதற்கு இதுவரை விடையில்லை. ஆகவே, கற்களும் அவற்றை மூடியுள்ள மண்ணுமே நமக்குள்ள முதன்மைச் சான்றுகள்.

இந்த முறைகள் எல்லாமே கலையாத புதைவை நம்பி நிற்பவை. அதனால்தான் சவுடும் கிராவலும் அள்ளப்படும் இடங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. பொக்லைன் ஒரே நாளில் வாரும் மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளின் வரிசை குலைந்துவிடும். கருவி லாரியில் சேதமின்றிப் போய்ச் சேர்ந்தாலும் அதன் காலம் அழிந்துவிடுகிறது. பள்ளிக் கண்காட்சிக்கென்று நல்லெண்ணத்துடன் பொறுக்கி எடுப்பதும் சிறிய அளவில் இதே இழப்பைத்தான் ஏற்படுத்துகிறது.

வெட்டிய குழியின் சுவரில் செதுக்கப்பட்ட கல்லொன்று தென்பட்டால், அதைப் பிடுங்காதீர்கள். அருகில் அளவுகோல் ஒன்றை வைத்து, கல்லும் மண்ணடுக்குகளும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். அங்கு மண் எடுக்கும் பணி நடந்துகொண்டிருந்தால், ஆய்வாளர்கள் வந்து பார்க்கும்வரை அதை நிறுத்திவைக்குமாறு எழுத்து மூலம் கேளுங்கள்.