டியூப் லைட் துடித்த இரவு: ஹேண்டிகாமில் ஒரு முழுநீளப் படம்

முதல் நாள் எடுத்த எதையும் எங்களால் பயன்படுத்த முடியவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டின் குசினி. அம்மாவாக நடித்தவர் தேங்காய் திருவிக்கொண்டே மகனிடம் நான்கு வரி பேச வேண்டும், அருமையாகப் பேசினார், இரண்டாவது டேக்கிலேயே முடிந்துவிட்டது. இரவு போட்டுப் பார்த்தால் குசினி முழுவதும் படபடவென்று துடிக்கிறது. முகம், சுவர், தேங்காய்ப்பூ எல்லாமே. கமரா, நண்பன் ஒருவனின் சித்தப்பா டொரொண்டோவில் இருந்து லீவுக்கு வந்தபோது விட்டுப்போன ஹேண்டிகாம். "மச்சான், சாமான் பழுது போல" என்றான் அவன், முகம் வாடிப்போய். பழுது எதுவும் இல்லை. கனடாவின் மின்சாரத்துக்கு ஏற்றபடி செய்த கமராவை இலங்கை மின்சாரத்தில் எரியும் விளக்கின் கீழ் வைத்திருந்தோம்.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. மலிவுக் கமராவில் எடுத்த படம் மலிவாகத் தெரிவதற்கு அதன் விலைதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள், நானும் நம்பினேன். ஒன்றரை வருடம் சனி ஞாயிறுகளில் ஒரு முழுநீளப் படத்தை இழுத்து முடித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு: முக்கால்வாசிப் பிரச்சினை, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நாம் பொத்தானை அமத்துவதால் வருகிறது.

சரி, முதலில் டியூப் லைட். இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். மின்னோட்டம் ஒரு விநாடிக்குள் 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. முன்னே போகும்போதும் விளக்கு பிரகாசிக்கும், பின்னே வரும்போதும் பிரகாசிக்கும், இடையில் மங்கும், ஆக விநாடிக்கு 100 துடிப்பு. கண்ணுக்கு அது தெரியாது. வட அமெரிக்காவின் தொலைக்காட்சி முறையான என்.டி.எஸ்.சி.க்குச் செய்த கமரா விநாடிக்கு ஏறத்தாழ 60 தடவை படம் பிடிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 16.7 மில்லிவிநாடி. நம் விளக்கின் ஒரு துடிப்பு 10 மில்லிவிநாடி. அப்படியென்றால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு முழுத் துடிப்பும், அடுத்த துடிப்பில் மூன்றில் இரண்டு பங்கும் விழுகின்றன. அந்த மூன்றில் இரண்டு பங்கு ஒரு தடவை பிரகாசமான பகுதியாக இருக்கும், அடுத்த தடவை மங்கலான பகுதியாக இருக்கும். மூன்று படத்துக்கு ஒரு தடவை இந்த ஒழுங்கு திரும்பத் திரும்ப வருகிறது, அதாவது விநாடிக்கு சுமார் 20 துடிப்பு. இந்த வேகம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

காலிமுகத்திடலில் தண்ணீரில் காலை வைத்து நிற்பதாக நினைத்துப் பாருங்கள். ஒரு அலை வந்து போக 10 விநாடி என்றால், நீங்கள் எந்தக் கணத்தில் இறங்கினாலும் சரியாக 10 விநாடி நின்றால் ஒரு முழு அலையின் தண்ணீர் காலில் படும், கூடவும் இல்லை குறையவும் இல்லை. 16 விநாடி நின்றால் எப்போது இறங்கினீர்கள் என்பதைப் பொறுத்து அளவு மாறும். மருந்தும் இதற்குள்ளேயே இருக்கிறது. ஷட்டரை, அதாவது ஒரு படத்துக்கு ஒளி விழும் நேரத்தை, விநாடியில் 1/100 இல் வைத்தால் ஒவ்வொரு படமும் சரியாக ஒரு துடிப்பை வாங்கும், துடிப்பு நின்றுவிடும். வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கை இழப்போம், அதற்கு இன்னொரு விளக்கைக் கொளுத்த வேண்டியதுதான். நம் நாட்டில் விற்ற, நம் தொலைக்காட்சி முறையான பால் (PAL, விநாடிக்கு 25 பிரேம்) கமராக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, 1/50 ஷட்டரில் இரண்டு முழுத் துடிப்பு கணக்காக விழும். பழைய இரும்புச் சோக் பொருத்திய டியூப் லைட்டில்தான் இது மோசம். எலெக்ட்ரோனிக் சோக் விளக்கை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை துடிக்க வைப்பதால் கமராவுக்கும் அது தெரியாது. இன்று போனில் படம் எடுக்கிற தம்பிமார் மலிவு எல்.ஈ.டி. விளக்கின் கீழ் இதே துடிப்பைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கும் இதே கணக்குத்தான்: விநாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50.

அந்த 25 என்ற எண்ணில் நமக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருக்கிறது. சினிமா விநாடிக்கு 24 பிரேமில் ஓடுகிறது. பால் முறையில் எடுத்ததை 4 சதவீதம் மெதுவாக்கினால் நேராக 24 ஆகிவிடும், 90 நிமிடப் படம் 93 நிமிடம் 45 விநாடி ஓடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. என்.டி.எஸ்.சி.யின் 30 பிரேமை (பிடிக்கும் 60 படத்தில் இரண்டு சேர்ந்து ஒரு பிரேம்) 24 ஆக்குவது அப்படி லேசான வேலை இல்லை. பிறகு நாங்கள் சித்தப்பாவின் கமராவை ஓரம் வைத்துவிட்டு இரண்டு பால் ஹேண்டிகாம் இரவல் வாங்கியதற்கு இதுவும் காரணம்.

"கலியாண வீடியோ மாதிரி இருக்கு" என்று எல்லோரும் சொல்வார்களே, அந்தத் தோற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு, படத்தை வரி வரியாகப் பிரிப்பதில் இருந்து. பால் முறையின் ஒரு பிரேமில் 576 வரி. கமரா முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரியை மட்டும் பிடிக்கிறது, விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மிச்ச வரிகளைப் பிடிக்கிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சி அதே ஒழுங்கில் காட்டியதால் அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரிந்தது, செய்தியும் கிரிக்கெட்டும் பார்த்துப் பழகிய அசைவு அது. இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே பிரேமாகக் கணினியில் பார்த்தால், வீசிய கை இரண்டு இடத்தில் நிற்கும், ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். ஒரு பாதியை எறிந்துவிட்டால் அசைவு சினிமாபோல வரும், ஆனால் கூர்மை குறைந்துவிடும். 2002 இல் பானசொனிக்கின் டி.வி.எக்ஸ். 100 கமரா 24 முழுப் பிரேமை எங்கள் ஹேண்டிகாமில் போடும் அதே மினிடிவி டேப்பிலேயே (சின்ன டிஜிட்டல் வீடியோ கசெட்) எடுக்கத் தொடங்கியபோது சின்னப் படக்காரர்கள் அதைத் தேடி ஓடியது இதனால்தான். அது எங்கள் கைக்கு எட்டவில்லை. கமராவை வேகமாகத் திருப்பாமல், கூடியவரை ட்ரைபொட்டில் வைத்து எடுத்தோம்.

அப்புறம் சென்சர், ஒளியைப் பிடிக்கும் சில்லு. நல்ல மினிடிவி கமரா ஒன்றின் சென்சர் மூலைக்கு மூலை 6 மில்லிமீற்றர், நாங்கள் வைத்திருந்ததில் அதைவிடச் சின்னது. 35 மி.மீ. பிலிமின் பிரேம் மூலைக்கு மூலை 31 மில்லிமீற்றர் வரை வரும். ஐந்து மடங்கு வித்தியாசம். சின்ன சென்சரில் அதே காட்சியைப் பிடிக்கக் குவியத்தூரம் குறைந்த லென்ஸ் வேண்டும், அந்த லென்ஸில் மூக்கு நுனியில் இருந்து பின்சுவர்க் கலண்டர் வரை எல்லாமே துல்லியமாக விழும். சினிமாவில் முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் கரைந்து தெரிவது இங்கே கிடைக்காது. ஹேண்டிகாமில் லென்ஸை எஃப்/2 வரை (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது, பின்னணி கூடக் கரையும்) திறந்து வைத்தாலும் 35 மி.மீ. கமராவில் எஃப்/10 வைத்த மாதிரித்தான் பின்னணி நிற்கும். கொஞ்சமாவது கரைக்க ஒரே வழி பின்னால் போய் ஸூம் பண்ணுவது. பத்துக்குப் பத்து அறையில் எங்கே பின்னால் போவது? வாசல் கதவைத் திறந்து, கொரிடோரில் நின்று, பக்கத்து வீட்டு அன்ரியிடம் மன்னிப்புக் கேட்டு எடுத்தோம். நடிப்பவரைச் சுவரில் இருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வைத்தோம். படத்தின் நல்ல குளோசப் எல்லாமே அந்தக் கொரிடோரில் இருந்து எடுத்தவை.

சின்ன அளவில் படம் எடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. இலங்கையின் முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படும் 'சமுதாயம்' (1962) 16 மி.மீ. பிலிமில் எடுக்கப்பட்டது. வெளியே பார்த்தால், 1998 இல் கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கிய டென்மார்க் படம் 'ஃபெஸ்டன்' கைக்குள் அடங்கும் சோனி ஹேண்டிகாமில் எடுத்து 35 மி.மீ.க்கு மாற்றப்பட்டது. அதன் ஒளிப்பதிவாளர் அந்தனி டொட் மான்டில், பிறகு '28 டேஸ் லேட்டர்' படத்துக்காக ஆளில்லாத லண்டன் வீதிகளைக் கெனன் எக்ஸ்.எல். 1 கமராவில் எடுத்தார். அதிகாலையில் வீதியை மறிக்கக் கிடைத்தது கொஞ்ச நேரம், அதற்குள் பல கமராக்களைச் சட்டென்று நிறுத்தி எடுக்க அந்த மினிடிவி கமரா உதவியது.

வெளிச்சம்தான் கொழும்பில் பெரிய சண்டை. சென்சரின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒளி விழ விழ நிரம்பும். நிரம்பி வழிந்த பிறகு எவ்வளவு ஊற்றினாலும் அது வெறும் வெள்ளைதான். மினிடிவியில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 8 பிட், ஆகக்கூடியது 256 படி. இருட்டில் விழுந்ததை எடிட்டிங்கில் கொஞ்சம் தூக்கலாம், புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும், ஆனாலும் ஏதோ இருக்கும். வெந்து வெளுத்ததில் மீட்க எதுவும் இல்லை. கடல் பக்கம் ஜன்னல் உள்ள பிளாட்டில் பகல் 12 மணிக்கு ஒருவரை ஜன்னலோரம் நிறுத்தினால், கமராவை ஓட்டோவில் (தானியங்கி முறையில்) விட்டால் அது ஜன்னலைப் பார்த்துப் பயந்து முகத்தைக் கரியாக்கும். முகத்துக்கு வைத்தால் ஜன்னல் வெள்ளைத் தாளாகும். மெல்லிய திரைச்சீலை ஒன்று தொங்கவிட்டு, முகத்துக்கு எதிரே வெள்ளை ரெஜிபோர்ம் அட்டை பிடித்தோம், இரண்டுக்கும் இடைவெளி குறைந்தது.

வெளியே எடுப்பதென்றால் நேரம் இன்னும் முக்கியம். கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தை ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் வெயில் நேரே உச்சியில் விழும், கண்குழிக்குள் நிழல் கட்டும். சூரியன் இங்கே சரிந்து போகாமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் மாலை மயக்கமும் நீளாது, மறைந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் இருட்டு. ஐரோப்பியப் படக்காரர்கள் எழுதிய கையேட்டை நம்பி ஒரு மணிநேரம் கிடைக்கும் என்று நாங்கள் போட்ட திட்டம் காலிமுகத்திடலில் மூன்றாவது ஷொட்டோடு முடிந்துபோனது. அதன்பிறகு அதே காட்சிக்கு நான்கு மாலை போனோம், ஒரு மாலைக்கு இரண்டு ஷொட்.

எதையும் ஓட்டோவில் விடாதீர்கள். வெள்ளைச் சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு), ஃபோகஸ், எக்ஸ்போஷர் (உள்ளே விடும் வெளிச்ச அளவு) எல்லாம் கையில். மேகம் ஒன்று கடக்கும்போது கமரா தானாகத் திறந்து மூடினால் அந்த இரண்டு ஷொட்டையும் பிறகு ஒட்டவே முடியாது.

நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மினிடிவி படத்தை ஐந்தில் ஒன்றாகச் சுருக்கி விநாடிக்கு 25 மெகாபிட்டில் எழுதுகிறது. அதற்கு முன்பே நிறத் தகவலின் பெரும்பகுதியை எறிந்துவிடும். வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையாகப் பார்க்கும் கண் நிற வித்தியாசத்தை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது என்ற துணிவில், பால் மினிடிவியில் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம்தான் சேமிக்கப்படுகிறது. பெரும்பாலும் சரிவரும். சிவப்பில் சரிவராது. எங்கள் படத்தில் ஒரு கலியாணக் காட்சி, மணப்பெண்ணுக்குச் சிவப்புக் கூறைச்சேலை. சேலையின் ஓரம் படியாக உடைந்து பின்னால் இருந்த வெள்ளை வேட்டிக்குள் கசிந்தது. மண்சிவப்பில் கொஞ்சம் மங்கிய கூறை ஒன்று அக்கா ஒருவரிடம் இருந்தது, அதை உடுத்தி மறுபடி எடுத்தோம். நேரில் சோபை குறைவாகத் தெரிந்த சேலை திரையில் கூறையாகவே நின்றது.

ஒலிக்கு மட்டும் நான் எந்த விட்டுக்கொடுப்பும் சொல்ல மாட்டேன். மங்கலான படத்தைச் சனம் மன்னிக்கும், கேட்காத வசனத்தை மன்னிக்காது. ஹேண்டிகாமின் சொந்த மைக்குக்கு இரண்டு நோய். ஒன்று, டேப்பைச் சுழற்றும் மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது. மற்றது, தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு: யாரும் பேசாத நொடியில் "சத்தம் குறைந்துவிட்டது" என்று நினைத்து அது ஒலியைக் கூட்டும், உடனே காலி வீதி பஸ் ஹோர்னும் கடலும் வீட்டுக்குள் வந்து நிற்கும், வசனம் தொடங்கியதும் பின்வாங்கும். தூரத்தின் கணக்கும் கடுமையானது. வாயில் இருந்து 3 மீற்றரில் உள்ள மைக்கை அரை மீற்றருக்குக் கொண்டுவந்தால் குரல் 15 டெசிபலுக்கு மேல் கூடும், ஆனால் பஸ்ஸின் சத்தம் அப்படியே இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை எந்த விலையுயர்ந்த மைக்காலும் தூரத்தில் நின்று தர முடியாது. தும்புத்தடிக் கம்பில் மைக்கைக் கட்டி, பிரேமுக்குச் சற்று மேலே ஒரு தம்பி பிடித்துக்கொண்டு நின்றான், கை நடுங்கும் வரை. மெனுவில் ஒலி 12 பிட்டில் இருந்தால் 16 பிட்டுக்கு மாற்றுங்கள், பல ஹேண்டிகாம்கள் 12இல்தான் வரும். ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபேனை நிறுத்தினால் முகம் வியர்க்கும், வியர்வை மின்னும், மின்னிய நெற்றி வெந்து வெளுக்கும், அதனால் ஒவ்வொரு டேக்குக்கும் முன் பவுடர். கரையோர ரயில் வரும் நேரங்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தோம், அது பிந்தி வரும்போது நாங்களும் காத்திருந்தோம்.

ஏசி அறையில் ஒரு காட்சி முடித்து நேரே மொட்டைமாடிக்கு ஓடிய அன்று கமரா திரையில் ஈர எச்சரிக்கை காட்டி நின்றுவிட்டது. குளிர்ந்த உலோகத்தில் கொழும்புக் காற்றின் ஈரம் பனித்திருந்தது. உள்ளே நிமிடத்துக்கு 9000 தடவை சுழலும் உருளையில் 6.35 மி.மீ. அகல டேப் சுற்றியிருக்கிறது, ஈரம் பட்டால் ஒட்டிக் கிழியும், அதனால் கமரா தானே தன்னைப் பூட்டிக்கொள்கிறது. அதன்பிறகு வெளியே போவதற்கு முன்பே கமராவை பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, அது வெளிச் சூட்டுக்குப் பழகும் வரை முக்கால் மணிநேரம் விட்டோம். ஈரம் பையின் மேல் படியும், கமராவில் படியாது.

அந்த டேப்பில் எழுதப்படும் ஒவ்வொரு தடமும் 10 மைக்ரோன் (மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு) அகலம்தான், ஒரு பிரேமுக்குப் பன்னிரண்டு தடம். எல்.பி. (லோங் பிளே) என்று ஒரு வசதி இருக்கும், 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் எடுக்கலாம், தடத்தை 6.7 மைக்ரோனுக்கு ஒடுக்கி. ஆசைப்படாதீர்கள், இன்னொரு கமராவில் போட்டால் பல நேரம் படிக்காது. எங்களிடம் 41 டேப் சேர்ந்தது. அவற்றைக் கணினிக்கு ஏற்றக் குறுக்குவழி இல்லை, ஒரு மணிநேர டேப்புக்கு ஒரு மணிநேரம், சுமார் 13 ஜிகாபைட். போன மாதம் அலுமாரியைத் திறந்தபோது ஐந்தில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது. உங்கள் வீட்டிலும் மினிடிவி டேப் கிடந்தால், ஓடுகிற கமரா ஒன்றும் ஃபயர்வயர் (கமராவில் இருந்து படத்தை ஏற்றும் கேபிள்) துளை உள்ள பழைய கணினி ஒன்றும் இப்போதே தேடுங்கள். பூஞ்சணம் பிடித்த டேப்பை அப்படியே போட்டுவிட வேண்டாம், அது உருளையில் ஒட்டி அடுத்த டேப்பையும் கெடுக்கும், அதைத் தனியே எடுத்து வையுங்கள். நாங்கள் மிச்சம் 36ஐ ஏற்றத் தொடங்கியிருக்கிறோம், இரவுக்கு இரண்டு.