வில்டர்னஸ்: வனாந்தரமா, கானகமா?

'வில்டர்னஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுத வேண்டி வந்தால் கை முதலில் 'வனாந்தரம்' என்றுதான் எழுதும். தமிழ் வேதாகமம் பழக்கிய சொல் அது. இஸ்ரவேலர் 40 வருஷம் அலைந்ததும் யோவான் ஸ்நானகன் பிரசங்கித்ததும் வனாந்தரத்தில்தான். சொல்லுக்குள் 'வனம்' இருந்தாலும், படிப்பவர் மனத்தில் விரிவது வறண்ட, ஆளரவமற்ற வெளி. பசுங்காட்டுக்கு அதை வைத்தால் ஒட்டவில்லை.

ஆங்கிலச் சொல்லும் அச்சத்தில் பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் 'தேயோர்' என்றால் எந்த விலங்கும். இன்று மானை மட்டும் குறிக்கும் 'டியர்' ஆக அது சுருங்கிவிட்டது. 'வில்டு தேயோர்', அதாவது கட்டுக்கடங்காத விலங்கு திரியும் இடமே வில்டர்னஸ். அண்டக்கூடாத இடம், அண்டினால் வெட்டித் திருத்தி வயலாக்க வேண்டிய இடம். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர் இந்தப் பொருளோடுதான் சொல்லைக் கொண்டுபோனார்கள்.

பொருளைத் திருப்பிப் போட்டவர்களில் நிலக்காட்சி ஓவியர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். தாமஸ் கோல் 1836இல் வரைந்த 'ஆக்ஸ்போ' ஓவியத்தைப் பாருங்கள். ஹோலியோக் மலைமேலிருந்து கனெக்டிகட் ஆற்றின் வளைவு தெரிகிறது. இடப்பக்கம் முறிந்த மரம், அடர்ந்த காடு, விலகிப்போகும் இடிமழை. வலப்பக்கம் வெயில், வகிடெடுத்த வயல்கள். நடுவில் பாறைகளுக்கிடையே, தேடினால்தான் தென்படும் அளவில், தொப்பியணிந்த ஓவியர் நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்பதாகவே எனக்குப் படுகிறது. அதே ஆண்டு வெளியான கட்டுரையில், கோடரிக்கு இரையாகும் காடுகளுக்காக அவர் வெளிப்படையாக வருந்தினார்.

அதற்கு முன்பே, 1832இல் மிசௌரி ஆற்றின் மேற்பகுதிக்குப் போன ஓவியர் ஜார்ஜ் காட்லின், காட்டெருமைக் கூட்டங்கள் தோலுக்காகவும் நாக்குக்காகவும் கொல்லப்படுவதைக் கண்டு, அந்த நிலத்தை அரசு ஒரு பெரும் பூங்காவாகக் காக்க வேண்டும் என்று எழுதினார். அவர் கனவில் விலங்கோடு பழங்குடி மக்களும் இருந்தார்கள். இதை அடிக்கோடிட வேண்டும், ஏனென்றால் பிறகு விடுபட்டது அதுதான்.

1871இல் யெல்லோஸ்டோன் சென்ற ஆய்வுக் குழுவோடு தாமஸ் மோரன் போனார். அவருடைய நீர்வண்ண ஓவியங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் ஒளிப்படங்களும் வாஷிங்டனில் பேசின. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது. அந்த ஆண்டே மோரனின் பேரோவியம் ஒன்றை அமெரிக்க நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. ஆனால் அங்கே தலைமுறைகளாக மலையாடு வேட்டையாடி வாழ்ந்த ஷோஷோனி மக்கள் சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டார்கள்.

அமெரிக்காவின் 1964ஆம் ஆண்டு வில்டர்னஸ் சட்டம் இந்தச் சொல்லுக்குச் சொன்ன இலக்கணத்தில் 'அன்டிராமல்டு' என்றொரு சொல் வருகிறது. 'மிதிபடாத' என்று பலர் தவறாகப் படிக்கிறார்கள். 'டிராமல்' என்பது மீனுக்கும் பறவைக்கும் விரிக்கும் வலை. குதிரையின் காலில் போடும் தளையும் அதுவே. ஆகவே 'தளைபடாத நிலம்' என்பதே நேரான தமிழ். மனிதன் அங்கே வந்து போகிறவன், தங்குகிறவன் அல்லன் என்றும் சட்டம் சொல்கிறது.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'காடு' போதாது. கொங்குப் பக்கம் "காட்டுக்குப் போறேன்" என்றால் சோளம் விதைத்த மேட்டு நிலத்துக்குப் போவது. 'கன்னிக்காடு' என்றால் மனிதக் கை படவே இல்லை என்றாகிவிடும். ஷோஷோனியரை இன்னொருமுறை வெளியேற்றியது போல. என் தேர்வு 'கானகம்'. 'வைல்டுலைஃப்' என்பதற்குக் 'கானுயிர்' என்ற சொல் ஏற்கெனவே ஊன்றிவிட்டது. இது அதன் உடன்பிறப்பு. அச்சமும் அழகும் இரண்டும் இதில் உண்டு. இராமன் போன கானகத்தில் முனிவர்களும் இருந்தார்கள், சபரியும் இருந்தாள். சட்டத்தின் 'வில்டர்னஸ் ஏரியா'வுக்குக் 'கானகப் பகுதி' என்று எழுதலாம். வேதாகமத்து வனாந்தரம் அங்கேயே இருக்கட்டும்.