திசை தவறாத புற்றுகள்

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் டார்வின் நகரில் வாடகை வண்டி எடுத்துத் தெற்கே புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலையைத் தேடித்தான் போகிறார்கள். ககாடு, லிட்ச்ஃபீல்டு, நிட்மிலுக் என்று அடுத்தடுத்து வரும் தேசியப் பூங்காக்களின் துண்டறிக்கைகளிலும் முதலைக்கே முதலிடம். நானும் என் மனைவியும் போன பயணத்திலும் முதலை பார்த்தோம்; கங்காருவும் கழுகும் பார்த்தோம். ஆனால் அந்த மண்ணைத் தாங்கி நிற்கும் உயிர் எது என்று கேட்டால், நான் அரை சென்டிமீட்டர் நீளமுள்ள கறையானைத்தான் சொல்வேன். அங்கே புல்லை மேய்வதும் மரத்தைக் குடைவதும் மண்ணைப் புரட்டுவதும் பெரும்பாலும் அதுதான். அது எழுப்பும் வீடுகளில் ஒரு வகை, சூரியனின் பாதையைக் கணக்கில் வைத்துக் கட்டப்படுகிறது.

டார்வினிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தெற்கே உள்ள லிட்ச்ஃபீல்டு பூங்காவில், மரமே இல்லாத தாழ்ந்த புல்வெளி ஒன்றில் இந்தப் புற்றுகள் கூட்டமாக நிற்கின்றன. கட்டுவது அமிட்டெர்மஸ் மெரிடியோனாலிஸ் என்ற இனம். டார்வினை ஒட்டிய பகுதியைத் தவிர வேறெங்கும் அது கிடையாது. புற்று மூன்று மீட்டர்வரை உயரும். நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும். அகலம் மட்டும் அடியில் ஒரு மீட்டருக்குள் அடங்கி, மேலே போகப்போக மெலிந்து, உச்சியில் வெறும் விளிம்பாகிவிடும். செங்குத்தாக நட்ட ஆப்பு என்றால் சரியாக இருக்கும். அந்த ஆப்புகளின் நீளவாட்டம் வடக்கு தெற்காகவே ஓடுகிறது. அகன்ற முகங்கள் இரண்டும் கிழக்கையும் மேற்கையும் பார்க்கின்றன. ஒன்றிரண்டு அல்ல, கண்ணுக்கு எட்டும் புற்றுகள் அத்தனையும் அப்படித்தான். அதனால்தான் இவற்றுக்குக் காந்தப் புற்றுகள் என்ற பெயர் வந்தது.

இந்த வடிவத்துக்குக் காரணம் தேட முதலில் தரையைப் பார்க்க வேண்டும். டார்வின் வட்டாரத்தில் ஆண்டுக்கு 1,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கொட்டிவிடும். அந்த மாதங்களில் தாழ்ந்த வெளிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். கறையானின் தோல் மிக மெல்லியது. வெயிலில் சற்று நேரம் விட்டால் உலர்ந்து செத்துவிடும். அதனால் வெப்பம் கூடினாலும் குளிர் கூடினாலும் மண்ணுக்குள் ஆழமாக இறங்கிவிடுவதுதான் உலகெங்கும் கறையான்களின் வழக்கம். இந்த வெளியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. கீழே போனால் தண்ணீர், வெளியே வந்தால் வெயில், ஒதுங்க நிழல் தரும் மரமும் இல்லை. ஆண்டு முழுவதையும் தரைக்கு மேலேயே கழித்தாக வேண்டும் என்பதால், வீடே தட்பவெப்பத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

சமாளிக்கும் விதத்தைப் புரிந்துகொள்வது தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சுலபம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறது. டார்வின் தெற்கே பன்னிரண்டரை பாகையில். மார்கழி மாத நண்பகலில் நம் ஊர்ச் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதுபோல, ஜூன் மாத நண்பகலில் டார்வின் சூரியன் வடக்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து சுமார் 54 பாகை உயரத்தில் நிற்கும். மழையில்லாத அந்த மாதங்களில் இரவு குளிர்ந்துவிடும். பகல் 30 டிகிரியைத் தாண்டும்.

காலைச் சூரியன் கிழக்கே எழும்போது புற்றின் அகன்ற முகம் முழுவதும் வெயிலை வாங்கிக்கொள்கிறது. இரவில் குளிர்ந்து கிடந்த சுவர் விரைவில் சூடேறுகிறது. நண்பகலில், வெயில் மிகக் கடுமையாக இருக்கும் வேளையில், சூரியனுக்கு எதிரே இருப்பது மெல்லிய உச்சியும் வடக்கு விளிம்பும் மட்டுமே. பிற்பகலில் மேற்கு முகத்தில் வெயில் விழுகிறது. அப்போது கிழக்குப் பக்கம் நிழலில் இருந்தாலும், உள்ளே ஊடுருவி வரும் சூடு அதை ஆறவிடுவதில்லை. ஆகக் கிழக்குப் பக்கத்து வெப்பநிலை காலையில் ஏறி, அதன்பின் பகல் முழுவதும் பெரிய மாற்றமின்றி நிற்கிறது.

பூங்காவின் பார்வையிடத்தில் நடைமேடைக்கு அப்பால் போக முடியாது. வெளியே சாலையோரத்தில் ஒற்றையாக நிற்கும் புற்றுகளை நெருங்கலாம். ஒரு காலைப் பொழுதில் என் மனைவி அப்படி ஒன்றின் கிழக்கு முகத்தில் உள்ளங்கையை வைத்துவிட்டு, சுற்றிப் போய் மறுபுறமும் தொட்டார். “இங்கே வந்து பாருங்கள், இந்தப் பக்கத்துக்கு இன்னும் விடியவே இல்லை” என்றார். நானும் தொட்டேன். கிழக்குச் சுவரில் இதமான சூடு. மேற்குச் சுவரில் இரவின் சில்லிப்பு அப்படியே இருந்தது.

திசைதான் காரணம் என்பதை எப்படி உறுதி செய்வது? 1970-களில் கோர்டன் கிரிக் என்ற ஆஸ்திரேலிய விலங்கியலாளர், நேராகக் கேள்வியைப் புற்றிடமே வைத்தார். இத்தகைய புற்றை அடியில் அறுத்து, கிழக்கு மேற்காகத் திருப்பி வைத்து, உள்ளே வெப்பநிலையை அளந்தார். திருப்பிய புற்று நண்பகலில் கூடுதலாகச் சூடானது. எளிமையான, அழகான சோதனை. பின்னர் பீட்டர் ஜாக்லின் என்ற ஆய்வாளர் பல இடங்களின் புற்றுகளை ஒப்பிட்டு, எல்லாமே துல்லியமாக வடக்கு தெற்காக நிற்பதில்லை என்று காட்டினார். ஒவ்வொரு வட்டாரத்திலும் வீசும் காற்றுக்கும் கிடைக்கும் நிழலுக்கும் ஏற்ப, சில பாகை இப்படியும் அப்படியும் விலகியிருக்கும்.

வெப்பம் மட்டும்தான் காரணமா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. இந்தக் கறையான்கள் புல்லைத் துண்டு துண்டாக நறுக்கிப் புற்றுக்குள் சேமிக்கின்றன. மழைக்காலத்தில் அது பூசணம் பிடிக்காமல் இருக்க மெல்லிய சுவரும் காற்றோட்டமும் உதவலாம் என்கிறார்கள் சிலர். இரண்டுமே ஒரு சேர நடக்கலாம். ஆனால் தண்ணீர் தேங்குவதுதான் மூலகாரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு அமிட்டெர்மஸ் லாரென்சிஸ் என்ற நெருங்கிய உறவினம் நல்ல சான்று. வட ஆஸ்திரேலியாவின் அர்னெம் லாண்டிலும் கேப் யார்க் தீபகற்பத்திலும் வாழும் அந்த இனம், தண்ணீர் வடியும் மண்ணில் சிறிய குவிமாடப் புற்றுகளைக் கட்டுகிறது. தண்ணீர் தேங்கும் வெளியில் அதே இனம் வடக்கு தெற்காக ஆப்பு வடிவில் கட்டுகிறது.

வேலைக்காரக் கறையான்களுக்குக் கண் கிடையாது. சூரியனை அவை பார்த்ததே இல்லை. திசை எப்படித் தெரிகிறது? ஜாக்லினும் அவருடைய சக ஆய்வாளரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், புற்றுகளில் காந்தங்களை வைத்துப் புவிக்காந்தப் புலத்தை மாற்றிப் பார்த்தார்கள். புற்றுக்குள் இருக்கும் நீண்ட அறைகள் வழக்கமாகப் புற்றின் திசையிலேயே வரிசையாக அமைந்திருக்கும். காந்தம் வைத்த இடங்களில் கறையான்கள் செய்த பழுதுபார்ப்பில் அந்த ஒழுங்கு குலைந்தது. காந்தப் புலனும் இந்த வேலையில் பங்கெடுக்கிறது என்று அதிலிருந்து தெரிகிறது.

கட்டுமானத்துக்குத் தலைமைக் கொத்தனார் யாரும் இல்லை. ஒரு கறையான் எச்சிலும் கழிவும் கலந்த மண் உருண்டையை ஓரிடத்தில் வைக்கிறது. அந்த ஈர உருண்டை அடுத்த கறையானைத் தன் உருண்டையை அங்கேயே வைக்கத் தூண்டுகிறது. பிரெஞ்சு விலங்கியலாளர் பியர்-பால் கிராசே 1959-இல் இந்த முறைக்கு ஸ்டிக்மெர்ஜி என்று பெயரிட்டார். முடிந்த வேலையே அடுத்த வேலைக்கு உத்தரவு கொடுக்கிறது. ஒரு வேலைக்காரக் கறையானின் ஆயுள் குறுகியது. புற்று பல பத்தாண்டுகள் வளர்கிறது. முழுப் புற்றின் வடிவம் எந்தக் கறையானுக்கும் தெரியாது.

தெற்கே போகப்போகப் புற்றுகள் மாறுகின்றன. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் இருபுறமும் கோபுரம் கோபுரமாக, ஐந்து மீட்டருக்கு மேலும் எழுந்து நிற்பவை நாசுட்டிடெர்மஸ் டிரையோடியே என்ற வேறோர் இனத்தின் வேலை. அவற்றில் ஒன்றின் ஓரம், ஏதோ வண்டி உரசியதாலோ என்னவோ, பெயர்ந்திருந்தது. குனிந்து பார்த்தோம். முதலில் வந்தவை காவல் கறையான்கள். அவற்றின் தலை முன்புறம் கூர்மையாக நீண்டு, நுனியில் துளையோடு இருக்கும்; அதன் வழியே பிசின் போன்ற திரவத்தைப் பீய்ச்சி எறும்புகளைச் சிக்கவைக்கும். உடைப்பைச் சுற்றி அவை தலையை வெளியே நீட்டி வட்டமாக நின்றுகொண்டன. அவற்றுக்குப் பின்னால் வேலைக்காரர்கள் ஈர மண் உருண்டைகளை ஒவ்வொன்றாக விளிம்பில் ஒட்டத் தொடங்கினார்கள். வெளிர்ந்த பழைய சுவரில் கருத்த ஈரக் கோடு ஒன்று மெல்லத் தடித்தது. எவ்வளவு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. ஒரு முதலைகூட எங்களை அப்படி உட்காரவைக்கவில்லை.

கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்டது என்போம். இங்கே குடிவருவது கிளி. பைன் கிரீக் சிற்றூரைச் சுற்றிக் காணப்படும் ஹூடட் கிளியின் ஆணுக்கு நீலப்பச்சை உடல், கருந்தொப்பி, தோளில் மஞ்சள். மழையில் புற்றின் மண் இளகியிருக்கும்போது அது சுவரைக் குடைந்து உள்ளே கூடு அமைக்கிறது. அந்தக் கூட்டுக்குள் ஒரு அந்துப்பூச்சியின் புழுக்கள் குஞ்சுகளின் எச்சத்தைத் தின்று வாழ்கின்றன. கிழக்கு ஆஸ்திரேலியாவில் இதேபோல் புற்றில் கூடு கட்டி வாழ்ந்த பாரடைஸ் கிளி இன்று இல்லை. அதை உறுதியாகக் கடைசியில் கண்டது 1927-இல்.

மரங்களிலும் கறையானின் கைவண்ணம் உண்டு. யூகலிப்டஸ் மரங்களின் உள்வைரத்தைக் கறையான் தின்றுவிட, மரம் உயிரோடிருக்கவே நடுவில் பொந்தாகிறது. பொந்தில் ஆந்தையும், போசம் என்னும் மரமேறும் பைவிலங்கும் தங்குகின்றன. அர்னெம் லாண்டின் பூர்வகுடிகளான யோல்ங்கு மக்கள் யிடாகி என்னும் நீள் ஊதுகருவியைச் செய்வதும் இப்படிக் குடையப்பட்ட மரத்தில்தான். எக்கிட்னா என்னும் முள்ளுடல் விலங்கு, கழுத்துத் தோலை விரிக்கும் சட்டைப் பல்லி, உடும்பு எல்லாம் கறையானைத் தின்று வயிறு வளர்க்கின்றன.

கறையான் வயிற்றில் மீத்தேன் உருவாகிறது, அது புவியைச் சூடாக்கும் வாயு என்ற பழி உண்டு. டார்வின் அருகே புற்றுகளை அளந்த ஆய்வாளர்கள் 2018-இல் அந்தப் பழியின் பாதியைக் குறைத்துவிட்டார்கள்: உருவாகும் மீத்தேனில் சுமார் பாதியைப் புற்றின் சுவரிலும் அடிமண்ணிலும் வாழும் பாக்டீரியாக்களே உண்டு தீர்க்கின்றன.

இவ்வளவையும் இன்று மிரட்டுவது ஒரு புல். கால்நடைத் தீவனத்துக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட காம்பா புல் நான்கு மீட்டர்வரை வளரும். உள்ளூர்ப் புல்லில் பற்றும் தீ பெரும்பாலும் தாழ்வாக எரிந்து அடங்கும், மரங்கள் தப்பிக்கும். காம்பாவில் பற்றும் தீ அதைவிட எட்டு மடங்குவரை உக்கிரமாகி, மரத்தின் தலைவரை ஏறிவிடுகிறது. பொந்துள்ள முதிய மரங்கள் அதில் விழுகின்றன. லிட்ச்ஃபீல்டு இதனால் ஏற்கெனவே பெரிதும் பாதிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் புல்லின் விதைகள் வண்டிகளில் ஒட்டிக்கொண்டும் பரவுகின்றன. ஆகவே அந்தப் பக்கம் போகிறவர்கள் புல் உயர்ந்த ஓரத்தில் வண்டியை இறக்க வேண்டாம். ஒரு பூங்காவிலிருந்து அடுத்த பூங்காவுக்குக் கிளம்பும் முன் வண்டியின் அடிப்பகுதி, டயர் இடுக்கு, முன்புற வலை, காலணி எல்லாவற்றையும் துடைத்து விதையை நீக்கிவிட்டுப் புறப்படுங்கள்.